62 வயதில் பல்லுக்குக் கம்பி

பல்லுக்குக் கம்பி என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சமாச்சாரம் என்றுதான் நம் ஊரில் நினைப்பு. பணி ஓய்வுக்குப் பிறகு நான் கம்பியோடு வாக்கிங் போனபோது, "என்ன சார், பெண் பார்க்கப் போறீங்களா?" என்று கேட்காதவர்கள் குறைவு. கேட்டவர்களுக்குச் சிரிப்பையே பதிலாகத் தந்தேன். இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனென்றால் என் விஷயத்தில் வயது ஒரு தடையாக இருக்கவில்லை. ஒரே ஒரு பல்லின் வேர்தான் பெரிய கேள்வியாக இருந்தது.

அழகுக்காகப் போட்டதில்லை. 50 வயதைத் தாண்டியதும் என் கீழ்வரிசை முன்பற்கள் மெல்ல மெல்ல நெருங்கி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. வயதாக ஆகப் பலருக்கும் நடப்பதுதான் இது. இடுக்கில் பிரஷ் போகாது. அழுக்கு கல்லாகப் படியும். ஈறில் ரத்தம் வரும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. முன்னால் தள்ளி வந்த ஒரு கீழ்ப்பல், வாயை மூடும்போதெல்லாம் மேல்வரிசை முன்பல் ஒன்றை இடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அந்த மேல்பல் ஏற்கெனவே அடிபட்ட பல்.

13 வயதில் கிட்டிப்புள் ஆடும்போது புள் வந்து தாக்கிய பல் அது. அன்று விழவில்லை. வருடங்கள் போகப் போகக் கறுத்தது. 40 வயதில் வேர் சிகிச்சை செய்து மேலே உறை போட்டார்கள். கம்பி போடும் முன் எடுத்த எக்ஸ்ரேயில்தான் உள்ளே நடந்தது முழுதாகத் தெரிந்தது. மேல்வரிசை நடுப்பல்லுக்கு வெளியே தெரியும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் என்றால், எலும்புக்குள் இருக்கும் வேர் சுமார் 13 மில்லிமீட்டர். என் பல்லுக்கு அதில் பாதிதான் மிச்சம். அடிபட்ட பல்லின் வேரை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவது உண்டாம்.

நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். கம்பம் நட்டால் அதன் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு மண்ணுக்குள் போக வேண்டும் என்பது எங்கள் கணக்கு. பல்லுக்கோ பாதிக்கு மேல் உள்ளே வேண்டியிருக்கிறது!

பல் டாக்டர் என் மகள் வயதுப் பெண். பொறுமையாக விளக்கினார். பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய நார்ப்படலம் ஒன்று இருக்கிறது. கம்பி அழுத்தும் பக்கம் எலும்பு கரைகிறது, எதிர்ப்பக்கம் புது எலும்பு வளர்கிறது, பல் அந்த வழியில் நகர்கிறது. பெரியவர்களுக்கும் இதேதான், சற்று நிதானமாக. ஆனால் எலும்பைக் கரைக்கும் அந்த வேலை சில சமயம் வேர் நுனியையும் தொட்டுவிடும். பெரும்பாலோருக்கு அது மிகச் சிறிய அளவு. அடிபட்ட குட்டை வேருக்கு ஆபத்து கூடுதல்.

கண்ணாடிக் கரண்டியின் பிடியால் அந்தப் பல்லைத் தட்டி ஒலி கேட்டார். வேர் எலும்போடு ஒட்டிப்போயிருந்தால் உலோகம்போல ஒலிக்குமாம். அப்படிப்பட்ட பல் கம்பிக்கு நகராது. என்னுடையது ஒட்டவில்லை. "அப்போ எடுத்துட்டு இம்ப்ளான்ட் வெச்சிடலாமா டாக்டர்?" என்று கேட்டேன். "அவசரப்படாதீங்க சார். இம்ப்ளான்ட் எலும்போட பிடிச்சிக்கும், அப்புறம் கம்பியால அதை நகர்த்த முடியாது. வைக்கிறதா இருந்தாலும் கம்பி வேலை முடிஞ்ச பிறகுதான். அதுவரை சொந்தப் பல் இருந்தா அந்த இடத்து எலும்பும் இருக்கும். ஆனா பல் கடைசிவரை நிக்கும்னு நான் உத்தரவாதம் தர மாட்டேன்" என்றார்.

வீட்டில் சொன்னேன். "உங்க பல்லு, நீங்களே முடிவு பண்ணுங்க. மாமா மாதிரி டம்ளர்ல பல்செட்டை ஊறப் போடாம இருந்தா சரி" என்றாள் மனைவி. என் அப்பாவுக்கு 60 வயதில் ஒரு பல்கூட இல்லை. முறுக்கை உரலில் இடித்துத் தின்பார். அது மனதில் வந்து போனது. எதுவும் செய்யாமல் விட்டால் இடிபட்டே அந்தப் பல் போகும். கம்பி போட்டால் பிழைக்க ஒரு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட்டேன்.

முதலில் ஈறு சிகிச்சை. ஈறில் வியாதி இருக்கும்போது கம்பி போட்டால் எலும்பு வேகமாகப் போய்விடுமாம். பிறகு மெல்லிய கம்பி. அந்தப் பல்லை மட்டும் முதல் சில மாதம் கம்பியில் சேர்க்காமல் விட்டு, கீழ்வரிசையை உள்ளே தள்ளி இடிப்பதை நிறுத்தினார். சேர்த்த ஆறாவது மாதம் மறுபடி எக்ஸ்ரே. வேர் நுனி இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சரியாகச் சாப்பிடவில்லை. மூன்று மாதம் எந்த இழுப்பும் இல்லாமல் நிறுத்தி வைத்தார். போன நீளம் திரும்பாது, ஆனால் அழுத்தம் நின்றால் தேய்வது நின்று மேற்பரப்பு ஆறும் என்றார். அப்படியே நின்றது. அதன்பின் அந்தப் பல்லை மேலும் நகர்த்துவதில்லை, இருக்கும் இடமே போதும் என்று இருவரும் முடிவு செய்தோம்.

மொத்தம் இரண்டு வருடம். இப்போது மேல் முன்பற்களின் உள்பக்கம் ஒரு மெல்லிய கம்பியை ஒட்டியிருக்கிறார்கள். பற்கள் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க அது. என் அரை வேர்ப் பல்லுக்கு அதுவே ஊன்றுகோலும்.

கம்பி போட நினைக்கும் என் வயது நண்பர்களுக்கு: ஈறு எப்படி இருக்கிறது, ஒவ்வொரு பல்லின் வேரும் எவ்வளவு இருக்கிறது, நடுவில் எப்போது எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள் என்று முதல் நாளே கேளுங்கள். வயதைப் பற்றிய கேள்வி அதற்கெல்லாம் பிறகுதான்.

பல் இருக்கிறது. பக்கத்தில் ஒரு சின்ன இடைவெளியும் இருக்கிறது. வேர்க்கடலைத் தோல் தவறாமல் அதில் மாட்டும். அதற்கென்று ஒரு குட்டி பிரஷ் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கிறது.