படம் எப்படி இருந்தது?

திரைப்படம் பார்த்துவிட்டு வருகிறவரிடம் நம் ஊர்களில் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "படம் எப்படி இருந்தது?" அதற்குக் கிடைக்கும் விடைகளும் நான்கைந்துக்கு மேல் இரா. "பரவாயில்லை", "ஒரு தடவை பார்க்கலாம்", "ஒரே இழுவை", "பாட்டு நல்லா இருக்கு". பத்திரிகை விமர்சகர் இரண்டு பக்கங்களில் எழுதுவதை இவர்கள் இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். ஆனால் அதுவே அவர்களுடைய கருத்து என்று எண்ணிவிடக் கூடாது. அரைநாள் பொறுத்திருக்க வேண்டும். மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போதோ, துணி மடிக்கும்போதோ, தொடர்பே இல்லாத வேறொரு பேச்சின் நடுவிலோ, "அந்தப் படத்திலே அவ அப்படிச் செஞ்சிருக்க வேண்டியதில்லை" என்று இரண்டாவது கருத்து ஒன்று வெளிவரும். முதலாவது, கேட்டவருக்காகச் சொன்னது. இரண்டாவதுதான் சொன்னவரின் சொந்தக் கருத்து. இந்த இரண்டாவது கருத்துகளைக் காதில் வாங்கிச் சேர்த்து வைப்பது பல ஆண்டுகளாக என் பழக்கம்.

படம் பார்ப்பது கூடுமா, கூடாதா என்ற விவாதத்திற்குள் நான் நுழையவில்லை. அதற்கு ஆலிம் பெருமக்கள் இருக்கிறார்கள். வீடுதோறும் தொலைக்காட்சியும் ஆளுக்கொரு கைப்பேசியும் வந்துவிட்ட இந்நாளில் நம் வீட்டவர்கள் படம் பார்க்கிறார்கள் என்பது கண்கூடு. பார்த்த பின் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதில்தான் எனக்கு அக்கறை.

எங்கள் பிள்ளைப் பருவத்தில் இவ்வளவு தாராளம் இருந்ததில்லை. வளைகுடாவிலிருந்து வந்தவர்கள் கொணர்ந்த வீடியோப் பெட்டியில், பெரியவர்களின் முழு ஒப்புதலுடன் எங்கள் தெருவில் ஓடிய படம் 'தி மெசேஜ்'. முஸ்தபா அக்காத் என்பவர் 1976-ல் வெளியிட்டது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உருவமோ குரலோ அதில் இடம்பெறாது. எதிரே நிற்பவர்கள் கேமராவை நோக்கிப் பேசுவார்கள். ஆங்கிலத்திலும் அரபியிலும் தனித்தனி நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட அப்படத்தின் ஆங்கிலப் பதிப்பில் ஹம்ஸா (ரலி) அவர்களின் வேடத்தில் நடித்தவர் ஆந்தனி குயின். உஹதுப் போர்க்களக் காட்சியில் தெருப் பெண்கள் விம்மி அழுதது இன்றும் நினைவில் இருக்கிறது. எல்லாரும் கலைந்த பிறகு, மாட்டுவண்டி ஓட்டிப் பிழைத்த முதியவர் ஒருவர் எழுந்து துண்டை உதறியபடி, "குதிரையெல்லாம் நல்லாத் தீனி தின்ன குதிரை" என்றார். அவர் பார்த்த படம் அது.

பின்னாளில் இந்த இரண்டாவது கருத்து எங்கள் வீட்டில் அருகிப் போயிற்று. காரணம் இல்லாமலில்லை. 1992-ல் 'ரோஜா' வந்தது. 1995-ல் 'பம்பாய்' வந்தது. அதன்பின் தொப்பியும் தாடியுமாக ஒருவர் திரையில் தோன்றினால் அவர் கையில் துப்பாக்கி இருக்குமோ என்று நெஞ்சு படபடக்கும் நிலை உண்டாயிற்று. "படம் எப்படி இருந்தது?" என்ற கேள்வி மறைந்து, "நம்மளைப் பத்தி என்ன காட்டியிருக்கான்?" என்ற கேள்வி அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2013 ஜனவரியில், முஸ்லிம் அமைப்புகளின் எதிர்ப்பைத் தொடர்ந்து 'விஸ்வரூபம்' படத்திற்குத் தமிழக அரசு தடை விதித்தது. பேச்சுவார்த்தைக்குப் பிறகு சில மாற்றங்களுடன் பிப்ரவரி 7 அன்று அது தமிழகத்தில் திரைக்கு வந்தது. அந்த இடைக்காலத்தில் எங்கள் தெருவில் அப்படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் ஒருவரும் இல்லை. பார்த்தவரும் ஒருவரும் இல்லை.

அடிபட்டுப் பழகியவன் கையை முகத்துக்கு முன்னால் உயர்த்தத்தான் செய்வான். அதில் தவறு காண்பதற்கில்லை. ஆனால் கையை அப்படியே வைத்துக்கொண்டு எதைப் பார்ப்பது? நல்லவராகக் காட்டினாலும் இதே கதைதான். நாயகனுக்காக உயிரைக் கொடுக்கும் முஸ்லிம் நண்பர் ஒருவர் படத்தில் வந்துவிட்டால், "நல்லவனாத்தான் காட்டியிருக்கான்" என்று ஆறுதலடைந்து எழுந்துவிடுவோம். அந்த நண்பருக்குக் குடும்பம் உண்டா, அவருக்கு எதன்மேல் கோபம் வரும், எதற்குச் சிரிப்பார் என்பதெல்லாம் படத்திலும் இராது, எங்கள் பேச்சிலும் இராது.

சென்ற கோடை விடுமுறையில் இந்தக் கேள்வி ஒருநாள் இரவு முழுவதும் எழவேயில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தம்பி துபாயிலிருந்து வந்திருந்தான். ராத்தாவின் மகள் கல்லூரி விடுமுறையில் வீட்டில் இருந்தாள். அவள்தான் ஈரானியப் படம் ஒன்றைத் தொலைக்காட்சியில் இணைத்தாள். மஜீத் மஜீதி இயக்கி 1997-ல் வெளிவந்த 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. ஆஸ்கார் விருதின் பிறமொழிப் பிரிவில் இறுதிப் பட்டியலுக்குச் சென்ற முதல் ஈரானியப் படம் அது. (அக்கதையைத் தழுவித் தமிழில் 'அக்கா குருவி' என்ற படம் 2022-ல் வந்தது.) பாரசீகப் பேச்சு, கீழே ஆங்கில எழுத்து. அதைப் படித்துப் படித்து அவள் தமிழில் சொல்ல, உம்மாவும் ராத்தாவும் பக்கத்து வீட்டு மாமியும் கேட்டுக்கொண்டே பார்த்தார்கள்.

கதை மிகச் சிறியது. தெஹ்ரான் நகரத்தின் ஏழைக் குடும்பம். அலீ என்ற சிறுவன், தங்கை ஸஹ்ராவின் காலணியைத் தைத்துக்கொண்டு வரும் வழியில், காய்கறிக் கடையில் தொலைத்துவிடுகிறான். புதிது வாங்க வீட்டில் வழியில்லை என்று இரு பிள்ளைகளுக்கும் தெரியும். பெற்றோரிடம் சொல்லாமல், அண்ணனின் காலணியையே இருவரும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். தங்கைக்குக் காலைப் பள்ளி, அண்ணனுக்குப் பிற்பகல். அவள் ஓடி வந்து கழற்றிக் கொடுக்க வேண்டும், அவன் மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். படம் நெடுக ஓட்டம்தான்.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "ஒரு சோடி செருப்புக்கு ஒன்றரை மணி நேரமா?" என்று கைப்பேசியைக் கையில் எடுத்துக்கொண்டான். இது முதல் கருத்து. அவனுடைய இரண்டாவது கருத்து பிறகு வந்தது.

ஒரு காட்சி. தகப்பனார் தரையில் அமர்ந்து பெரிய சர்க்கரைக் கட்டிகளைச் சிறு துண்டுகளாக உடைத்துக்கொண்டிருக்கிறார். பள்ளிவாசலுக்காக அவரிடம் ஒப்படைக்கப்பட்ட சர்க்கரை அது. மகள் தேநீர் கொண்டுவந்து வைக்கிறாள். அவர் சர்க்கரை கேட்கிறார். முன்னால் இவ்வளவு குவிந்து கிடக்கிறதே என்கிறாள் குழந்தை. அது பள்ளிவாசலுடையது என்கிறார் அவர். (பாரசீகத்தில் அந்தச் சர்க்கரைத் துண்டுக்குக் 'கந்த்' என்று பெயர். நம் கற்கண்டின் 'கண்டு'ம் அதுவும் ஒரே வேரில் பிறந்தவை.) அதற்கு மேல் அக்காட்சியில் எதுவும் இல்லை. யாரும் அறிவுரை கூறவில்லை, இசையும் உயரவில்லை.

உம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நிறுத்தும்மா. அதை இன்னொரு தடவை போடு" என்றார். மறுபடி பார்த்துவிட்டு, "அமானிதம்" என்ற ஒரு சொல்லை மட்டும் சொன்னார். பிறகு தம் வாப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். நோன்புக் கஞ்சிக்குப் பள்ளிவாசல் அரிசியை அளந்து கொடுத்துவிட்டு, மடியில் ஒட்டிக்கொண்ட நொய்யையும் அங்கேயே உதறிவிட்டுத்தான் அவர் வீடு திரும்புவாராம். நான் ஐம்பது வயதைக் கடந்தவன். பாட்டனாரைப் பற்றிய இச்செய்தியை அன்றுதான் கேட்டேன். ராத்தாவும் கேட்டதில்லை.

அலீ ஓட்டப் பந்தயத்தில் சேர்கிறான். மூன்றாம் பரிசுதான் காலணி. ஆகவே அவனுக்கு மூன்றாவதாக வர வேண்டும். ஆனால் முதலாவதாக வந்துவிடுகிறான். எல்லாரும் அவனைத் தூக்கிக் கொண்டாட, அவன் அழுகிறான். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டிருந்த தம்பி மறுநாள் காலையில் பசியாறும்போது, படத்தின் பெயரைக்கூடக் குறிப்பிடாமல், "முதல்ல வர்றவனுக்கு என்ன தேவைன்னு எவனும் கேட்கிறதில்லை" என்றான். சென்ற ஆண்டு அவனுக்கு அங்கே பதவி உயர்வு கிடைத்திருந்தது. அதனால் அவ்வாண்டு விடுமுறை கிடைக்கவில்லை.

காலணியைத் தொலைத்த பிள்ளைகள், அது வேறொரு சிறுமியின் காலில் இருப்பதைக் கண்டுபிடித்து அவள் வீடுவரை செல்கிறார்கள். அவளுடைய தகப்பனார் பார்வையற்றவர் என்று கண்டதும், கேட்காமலேயே திரும்பிவிடுகிறார்கள். "கேட்டிருக்கணும். நம்ம பொருள்தானே?" என்றார் ராத்தா. "எந்த வாயாலே கேட்கிறது?" என்றார் மாமி. இந்த வழக்கு எங்கள் அடுப்படியில் மூன்று நாள் நடந்தது. தீர்ப்பு இன்னும் ஆகவில்லை.

முடிவைப் பற்றியும் வழக்கு உண்டு. தோற்றதாக எண்ணி வீடு திரும்பும் அலீ, கொப்புளம் கண்ட கால்களை முற்றத்துத் தொட்டியில் நனைக்கிறான். மீன்கள் வந்து மொய்க்கின்றன. அத்துடன் படம் முடிகிறது. "பாவம், கடைசிவரை செருப்புக் கிடைக்கலியே" என்று ராத்தாவின் மகள் பெருமூச்சு விட்டாள். "கிடைச்சிருச்சே! வாப்பாவோட சைக்கிள்லே இருந்துச்சே, நீங்க யாரும் பார்க்கலியா?" என்றார் உம்மா. பின்னோக்கி ஓட்டிப் பார்த்தோம். சில நொடிகளே வரும் ஒரு காட்சியில், தகப்பனாரின் மிதிவண்டியில் இரண்டு சோடிப் புதுக் காலணிகள் இருக்கின்றன. படித்தவர்கள் மூவர் அதைத் தவறவிட்டோம். "எப்படிம்மா கவனிச்சீங்க?" என்று கேட்டேன். "வாப்பா வந்தா முகத்தைப் பார்க்கிறதுக்கு முன்னே கையைப் பார்க்கிற வீட்டிலே வளர்ந்தவ நான்" என்றார்.

அந்தப் படத்தில் செருப்புத் தைப்பவர், காய்கறி விற்பவர், கண்டிப்பான பள்ளி அதிகாரி, விளையாடத் துணையின்றி ஏங்கும் பணக்காரச் சிறுவன் என்று எல்லாருமே முஸ்லிம்கள். ஆகையால் முஸ்லிம் என்ற வகையில் யாரும் தனித்துத் தெரியவில்லை. நாங்களும் கையை முகத்திலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தோம்.

அடுத்த வாரம் மலையாளப் படம். 2018-ல் ஸக்கரியா இயக்கிய 'சுடானி ஃப்ரம் நைஜீரியா'. மலப்புரம் பகுதியில் ஓர் அணிக்கு எழுவர் ஆடும் 'செவன்ஸ்' கால்பந்து மிகவும் புகழ்பெற்றது. ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆட்டக்காரர்களைக் கூலிக்கு அழைத்து வருவார்கள். அப்படி வந்த நைஜீரிய இளைஞன் ஒருவன் காயமுற்று, அணி மேலாளர் மஜீதின் வீட்டில் படுத்துவிடுகிறான். மஜீதின் உம்மா ஜமீலாவும் பக்கத்து வீட்டுப் பீயும்மாவும் மொழி தெரியாத அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள். அவ்வேடங்களில் நடித்த சாவித்திரி ஸ்ரீதரன், சரஸா பாலுசேரி இருவருக்கும் கேரள அரசின் விருது கிடைத்தது.

ஜமீலாவின் இரண்டாவது கணவர் காவலாளி வேலை பார்க்கும் முதியவர். மஜீத் அவரை ஏற்றுக்கொள்வதில்லை. எல்லாரும் கால்பந்தையும் நைஜீரியனையும் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டிருக்க, மாமி மட்டும் அன்று ஒரு வார்த்தையும் பேசவில்லை. "நேரமாச்சு" என்று எழுந்து போய்விட்டார்.

மாமியின் வீட்டுச் செய்தி தெருவுக்கே தெரியும். முதல் கணவர் மௌத்தாகி ஏழாண்டு கழித்து மாமிக்கு மறுமணம் நடந்தது. மகன் அப்போது பதினைந்து வயதுப் பையன். இப்போது புருணையில் வேலை பார்க்கிறான். உம்மாவுடன் வாரம் தவறாமல் பேசுவான். அவரைப் பற்றி ஒரு சொல் கேட்பதில்லை. (மாமியின் அனுமதி பெற்றே இதை எழுதுகிறேன். "எழுது தம்பி, பேரைப் போட்டுராதே" என்றார்.)

நான்காம் நாள், முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமி எங்கள் உம்மாவிடம் சொன்னார்: "அந்த மனுஷன் சொந்த வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வர்றாரு, பார்த்தியா?" உம்மா பதில் சொல்லவில்லை. மாமியும் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. அன்று மாலை, ராத்தாவின் மகளை அழைத்து, அந்தப் படத்தின் பெயரை மகனுக்கு அனுப்பச் சொன்னார். "பந்து விளையாட்டுப் படம், பாரு"ன்னு மட்டும் போடு என்று இரண்டு முறை அழுத்திச் சொன்னார்.

பத்து நாள் சென்று அவனிடமிருந்து குரல் செய்தி வந்தது. பந்தாட்டக் காட்சிகள் அருமை, அந்தக் கறுப்புப் பையன் நன்றாக நடித்திருக்கிறான், அந்த உம்மாவும் நல்ல நடிப்பு. இவ்வளவுதான். கடைசியில், "வீட்டிலே எல்லாரும் பார்த்தீங்களா?" என்று கேட்டிருந்தான்.

மாமி அதை எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்து மறுபடி மறுபடி ஓடவிட்டார். 'எல்லாரும்' என்பதில் அவரும் அடக்கம் என்பது எங்கள் உம்மாவின் துணிபு. அது வாய்ப்பேச்சுக்குச் சொல்வது, அப்படியெல்லாம் பொருள் கொள்ளக் கூடாது என்கிறார் ராத்தா. மாமி எதுவும் சொல்லாமல் கைப்பேசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "இன்னொரு தடவை போடும்மா" என்றார்.