பெரிய கமராவும் சிறிய படமும்



உங்கள் வீட்டு அலுமாரியில் பழைய அல்பம் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இல்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவில் எங்கள் அல்பமும் போய்விட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. இன்று எங்களிடம் உம்மாவின் படங்கள் இரண்டே உள்ளன.

ஒன்று, புத்தளத்து உறவினர் வீட்டில் தப்பியிருந்தது. கறுப்புத் துணி போர்த்திய பெரிய பெட்டிக் கமராவில் ஸ்டூடியோக்காரர் எடுத்தது. உம்மாவின் சேலைக் கரையில் இழைகளைக்கூட எண்ணலாம். மற்றது, புத்தளம் ஓலைக் குடிசையில் யாரோ கைக்கமராவில் எடுத்தது. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு உம்மா சிரிக்கிறா. முகம் கொஞ்சம் கலங்கியிருக்கிறது.

வவுனியாவில் என்னிடம் ஓதும் மாணவன் ஒருவன் கேட்டான்: "ஹஸ்ரத், பெரிய பிலிம் கமராவில் எடுத்தால்தான் படம் நல்லா வருமாமே?" படம் எடுப்பது பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை நான் இங்கே பேச வரவில்லை. அவன் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

அவன் சொன்னதில் உண்மை உண்டு. சாதாரணக் கமராவின் பிலிம் 24 மில்லிமீற்றருக்கு 36 மில்லிமீற்றர். பெரிய கமராவில் எட்டங்குலத்துக்குப் பத்தங்குலம். பரப்பில் ஏறத்தாழ 60 மடங்கு. சிறிய பிலிமைப் பெருப்பித்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெரியதற்கு அந்தக் குறை வெகு குறைவு. நூறு பேர் நிற்கும் மத்ரஸாப் படத்தில் ஒவ்வொரு முகமும் தெளிவாக வேண்டுமென்றால் அது உதவும்.

ஆனால் அந்தக் கமராவைக் கையில் பிடிக்க முடியாது. முக்காலியில் நிறுத்த வேண்டும். எதிரே இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். ஸ்டூடியோப் படத்தில் உம்மாவின் கண்ணில் தெரியும் பயத்துக்குக் காரணம் அதுதான்.

965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், துவாரத்தின் வழியே விழும் ஒளியை ஆராய்ந்தார். துவாரம் பெருத்தால் பிம்பம் கலங்கும் என்று கண்டார். பெரிதானால் எல்லாம் சிறப்பு என்பதில்லை. 1875-இல் இலங்கைக்கு வந்து, 1879-இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவையில் அடக்கமான ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையார் 15 அங்குலத்துக்கு 12 அங்குலக் கண்ணாடித் தகடுகளில் படமெடுத்தவர். அவர் படங்கள் கலங்கியிருக்கின்றன என்று அக்காலத்தில் குறை சொன்னார்கள். இன்று அவற்றை நூதனசாலைகள் பொக்கிஷமாக வைத்திருக்கின்றன. அவர் கமராவும் பெரியதுதான்; ஆனால் அவர் தேடியது முகத்தை.

சகோதரிகளே, என் குற்றம் ஒன்றைச் சொல்கிறேன். ஊர் திரும்பிய பின் என் கையில் போன் இருந்தது. "பெருநாளைக்கு நல்ல கமராக்காரரைக் கூட்டி வந்து எடுப்போம் உம்மா" என்று தள்ளிப்போட்டேன். பெருநாள் வந்தது. உம்மா இல்லை.

"மூத்தம்மா எப்படி இருப்பா?" என்று பிள்ளைகள் கேட்டால், ராத்தா முதலில் எடுப்பது அந்தக் கலங்கிய படத்தைத்தான். "சேலை எப்படி?" என்று கேட்டால்தான் பெரியதை எடுப்பா.

உங்கள் உம்மா பக்கத்தில் இருந்தால், கமராவின் அளவை யோசித்துக் கொண்டிருக்காதீர்கள். அவ சிரிக்கும்போது ஒன்று எடுத்து, கழுவி, பின்னால் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள்.