மாமா ஆபீசுக்கு ஒரு வாட்ச்மேன்

"கம்ப்யூட்டர் படிக்கிற பையன்" என்று ஒரு பெயர் வந்துவிட்டால் போதும் நண்பர்களே, சொந்தக்காரர் வீட்டில் டிவி ரிமோட் வேலை செய்யாவிட்டாலும் நமக்குத்தான் அழைப்பு! அப்படித்தான் திருப்பூரில் சின்னதாக பனியன் கம்பெனி நடத்தும் என் தாய்மாமா, போன செமஸ்டர் லீவில் கூப்பிட்டார். "மாப்ளே, ஆபீஸ் நெட்டுக்கு நல்ல ரூட்டரா ஒண்ணு பார்த்துச் சொல்லு. பதினைஞ்சாயிரம் வரைக்கும் போலாம்."

ஆபீசில் 9 கம்ப்யூட்டர், 2 பிரிண்டர், விரல் வைக்கும் அட்டெண்டன்ஸ் மெஷின், 8 கேமரா, அதற்கொரு டிவிஆர். அவ்வளவுதான். ஆனால் 46 பேருடைய கூலிக் கணக்கு அங்கே ஒரே கம்ப்யூட்டரில் டேலியில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் பட்டுவாடா. பக்கத்து வீதிக் கம்பெனி ஒன்றில் இதே மாதிரிக் கணக்கை எவனோ எங்கிருந்தோ பூட்டிவிட்டுப் பணம் கேட்டிருக்கிறான். அந்த வாரம் அங்கே யாருக்கும் கூலி கிடைக்கவில்லை. மாமாவின் பயம் அதுதான்.

கடையில் விசாரித்தோம். முதல் கடைக்காரர் எட்டு கொம்பு முளைத்த ஒரு ரூட்டரைக் காட்டினார். அட்டைப்பெட்டியில் 5400 என்று பெரிதாகப் போட்டிருந்தது. மாமாவுக்கு அது பிடித்துப்போய்விட்டது! அந்த 5400 என்பது வைஃபையின் எல்லா அலைவரிசைகளின் உச்ச வேகத்தையும் கூட்டிப் போட்ட கணக்கு. மாமாவின் லைனோ 100 எம்பிபிஎஸ். இரண்டாவது கடைக்காரர் பெரிய ஃபயர்வால் பெட்டியைச் சொன்னார். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வருடா வருடம் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் புதுப்புது வைரஸ்களின் அடையாளப் பட்டியல் வருவது நின்றுவிடும். அதோடு இன்றைக்கு வெப்சைட் போக்குவரத்தில் பெரும்பகுதி ஹெச்டிடிபிஎஸ், பூட்டிய கவர். அதைப் பிரித்துப் பார்க்க அந்தப் பெட்டியின் சர்ட்டிபிகேட்டை ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏற்ற வேண்டும். இதற்கென்றே ஆள் வைத்திருக்கும் இடத்துக்கு அது சரி. இங்கே யார் செய்வது?

நான் பழைய ரூட்டரைத் திறந்து போர்ட் ஃபார்வர்டிங் பக்கத்தைப் பார்த்தேன். கதை முழுக்க அங்கேதான் இருந்தது. மாமா வீட்டிலிருந்து போனில் கேமரா பார்ப்பதற்காக, மாட்டியவர் டிவிஆரை நேராக இன்டர்நெட்டுக்குத் திறந்து வைத்திருந்தார். பாஸ்வேர்டும் கம்பெனி போட்டுக் கொடுத்ததே! ஆடிட்டர் வீட்டிலிருந்து டேலி பார்க்க 3389-வது போர்ட் திறந்திருந்தது. வாசலில் பூட்டைத் தொங்கவிட்டு, கொல்லைக் கதவை அகலத் திறந்து வைத்த மாதிரி. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், இப்படிப் பழைய பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்களையும் டிவிஆர்களையும்தான் தேடித்தேடிப் பிடித்தது. 2017 மே 12-ல் உலகத்தையே கலக்கிய 'வான்னாக்ரை' நுழைந்தது 445-வது போர்ட் வழியாக. அதற்கான பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

ஃபயர்வால் என்றால் நம்ம ஹாஸ்டல் வாட்ச்மேன்தான். உள்ளிருந்து போனவன் திரும்பி வந்தால் விடுவார். நோட்டில் பெயர் இல்லாத புது ஆள் வந்தால் கேட்டோடு சரி. 'ஸ்டேட்ஃபுல்' என்று நாம் இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தது இதைத்தான். இந்த வேலைக்குப் பெரிய பெட்டி தேவையில்லை.

லாட்வியா நாட்டு மைக்ரோடிக்கின் ஹெக்ஸ் ரூட்டரை எடுத்தோம். ஐந்து போர்ட். ஒன்றில் நெட் லைன், ஒன்றில் அவசரத்துக்கு இரண்டாவது லைன், ஒன்றில் ஆபீஸ் சுவிட்ச், ஒன்றில் கேமராவும் அட்டெண்டன்ஸ் மெஷினும், ஒன்றில் வைஃபை. ஆபீஸ் கம்ப்யூட்டர் போய் கேமராவைப் பார்க்கலாம். கேமரா பக்கமிருந்து எதுவும் தானாக ஆபீசுக்குள் வர முடியாது. இந்த ஒரு விதியை எழுதியதில் எனக்கு டிப்ளமோவே கிடைத்த சந்தோஷம்!

மாமா கவலைப்பட்டார். "அப்ப நான் ஊட்ல இருந்து கேமரா பாக்க முடியாதா?"

"பாக்கலாமுங்க மாமா" என்று அவர் போனிலும் ஆடிட்டர் கம்ப்யூட்டரிலும் வயர்கார்டு போட்டுக் கொடுத்தேன். சரியான சாவி இல்லாதவன் தட்டினால் அது பதிலே சொல்லாது. இங்கே இரண்டு விஷயம் கவனியுங்கள். வீட்டிலும் ஆபீசிலும் 192.168.1 என்றே இருந்தால் வழி குழம்பும். அதனால் ஆபீசை 192.168.20-க்கு மாற்றினேன். மாமாவிடம் ஸ்டாட்டிக் ஐபி இருந்தது. உங்கள் ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால் அது பலருக்குப் பொதுவான முகவரி, வெளியிலிருந்து நேராக வர முடியாது.

மைக்ரோடிக் மட்டும் கடவுளா? இல்லை. 2018-ல் அதன் வின்பாக்ஸில் ஓட்டை வந்தது. ஏப்ரலிலேயே சரிசெய்தும், அப்டேட் போடாத ரூட்டர்கள் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டிருந்தன. ஆகவே வெளிப்பக்கம் வின்பாக்ஸை மூடிவிட்டேன்.

இவ்வளவும் செய்து, உள்ளே இருப்பவரே மெயிலில் வந்த போலி பில்லைத் திறந்தால் வாட்ச்மேன் பாவம், என்ன செய்வார்? மிச்சப் பணத்தில் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கினோம். டேலி பேக்கப் எடுத்ததும் கழற்றி ஒன்று பீரோவில், ஒன்று மாமா வீட்டில். வாரம் மாற்றி வாரம்.

நான் திரும்பக் காலேஜுக்கு வரவேண்டுமே! கணக்கு எழுதும் அக்காவுக்கு அப்டேட் போடச் சொல்லிக் கொடுத்து, படிப்படியாக எழுதி பீரோ கதவுக்குள் ஒட்டிவிட்டு வந்தேன். போன மாதம் அவரே போன் செய்தார். "தம்பி, புது அப்டேட்டுன்னு காட்டுது, இப்பவே அமுக்கட்டுமா?"

"இன்னிக்கு என்ன கிழமைங்கக்கா?"

"சனிக்கிழமை."

"பட்டுவாடா முடியட்டுமுங்க, நாளைக்கு அமுக்குங்க!"