வேப்பமரத்து ஏரியல்

வன்னியில் றேடியோ என்றால் கேட்கிற பெட்டி. பேசுகிற கருவி எப்போதும் வேறு யாருடையவோ கையில்தான் இருந்தது. யுத்த காலத்தில் ஒரு வீட்டு முற்றத்தில் புதிதாக ஒரு கம்பி உயர்ந்தால், அதற்கு ஏதாவதொரு தரப்பிடம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த மண்ணில் இருந்துகொண்டு, அமெச்சூர் வானொலியின் ஆரம்பநிலை மாணவனாக நான் ஏரியல் கட்டிய கதையைச் சொல்வதென்றால், கேட்டுக்கொண்டே இருந்த காலத்தையும் சொல்லத்தான் வேண்டும்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தண்ணீரூற்றிலிருந்து வவுனியா வழியாகப் புத்தளம் போய்ச் சேர்ந்தோம். முகாமின் கிடுகுக் குடிலில் வாப்பாவின் சிற்றலைப் பெட்டிதான் எங்களை ஊரோடு இணைத்தது. பிபிசி தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ். இடையில் ஊரின் பெயர் வந்தால் உம்மா அடுப்பை விட்டு எழுந்து வருவா.

நாங்கள் விட்டுவந்த ஊரில் இருந்தவர்களும் அதே குரல்களைத்தான் கேட்டார்கள். பொருளாதாரத் தடையில் பற்றரியும் அடக்கம். 2002 யுத்தநிறுத்தம் வரைக்கும் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். “செய்தி முடியுமட்டும் சுத்தோணும் தம்பி. கை ஓய்ஞ்சால் லண்டனும் ஓய்ஞ்சிடும்” என்றார் பக்கத்து வளவு அண்ணை. நாங்கள் ஊர் திரும்பியது 2012 இல். என் வயரின் ஒரு நுனியை அவருடைய பாலை மரத்தில் கட்ட இடம் தந்தவர் அவர்தான்.

கணக்கு எளியது. 143 ஐ மெகாஹேர்ட்சால் வகுத்தால் அரை அலை ஏரியலின் நீளம் மீற்றரில் வரும். 7.1 மெகாஹேர்ட்சுக்கு ஏறக்குறைய 20 மீற்றர். அதை நடுவில் வெட்டி, ஒரு பாதியைக் கேபிளின் உட்கம்பியோடும் மறு பாதியை அதன் வலையோடும் இணைக்க வேண்டும். நடுப்பகுதி என் வேம்பில் ஆறு மீற்றர் உயரத்தில் தொங்கியது. உயரம் போதாது என்று பலர் சொன்னார்கள். ஆனால் இந்த அலைவரிசையில் தாழ்வான ஏரியல் அலையைச் செங்குத்தாக மேலே அனுப்பும். அயனமண்டலம் அதைத் திருப்பிச் சுற்றுவட்டாரத்தில் மழைபோல் இறக்கும். கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 270 கிலோமீற்றர். அதற்கு இந்த உயரமே தோது.

ஆனாலும் முதல் நாள் வண்டு இரைகிற சத்தம்தான் வந்தது. பெட்டியைச் சந்தேகிப்பதுதான் மனித இயல்பு. பெட்டியை 12 வோல்ற் பற்றரியில் ஓடவிட்டு வீட்டின் மெயின் சுவிட்சை இறக்கினேன். இரைச்சல் பாதியாகக் குறைந்தது. மீதியும் கூரையிலிருந்த சூரிய மின்தகட்டின் சார்ஜ் கட்டுப்படுத்தியைக் கழற்றியதும் போய்விட்டது. பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். தொலைபேசி சார்ஜர், எல்ஈடி பல்ப் இரண்டுமே குற்றவாளிகள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எது நோய், எது மருந்து என்று தெரியாது.

மாரி தொடங்கியதும் குரல்கள் மங்கின. கேபிளை இரு முனையிலும் கழற்றி மல்ரிமீற்றர் வைத்தேன். உட்கம்பிக்கும் வலைக்கும் இடையே எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. முள் அசைந்தது. மேலே ஏறிப் பார்த்தால் அணில் உறையைக் கடித்திருந்தது. உள்ளே மழைநீர், செம்பு பச்சை பிடித்திருந்தது. புதுக் கேபிள் போட்டு, இணைப்பை இறப்பர் நாடாவால் சுற்றி, வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நீர் சொட்டிப் போக ஒரு வளைவு விட்டேன். மண்ணில் குழாய் இறக்கி உப்புத் தண்ணீர் ஊற்றி எர்த் எடுப்பதை அண்ணைதான் காட்டினார். இடிமின்னல் காலத்தில் ஏரியலைக் கழற்றிவிடும் பழக்கமும் அவருடையதே.

பிறகும் ஒரு புதிர். பகலில் கேட்ட கொழும்பு இரவில் காணாமற் போனது. அதே இடத்தில் தூரதேசக் குரல்கள். பழுது ஏதும் இல்லை. சூரியன் மறைந்ததும் அயனமண்டலம் மெலிகிறது. செங்குத்தாகப் போகும் 7 மெகாஹேர்ட்ஸ் அலை திரும்பி வராமல் விண்வெளிக்குப் போய்விடுகிறது. சரிந்து போகும் அலை மட்டும் தொலைவில் இறங்குகிறது. இரவில் அருகில் பேச 3.5 மெகாஹேர்ட்ஸ் வேண்டும், அதற்கு 40 மீற்றர் வயர். அண்ணையின் வளவு அதற்கும் இடம் தந்தது.

உரிமம் கிடைத்த பின் ஒரு காலையில் கொழும்பிலிருந்து பதில் வந்தது. “எங்கட குரல் அங்க தெளிவாக் கேக்குதாமோ?” என்று அண்ணை கேட்டார். அவர் ‘எங்கட’ என்று சொன்னது எனக்குப் போதுமாயிருந்தது.

தமிழோசையின் வானொலி 2017 இல் நின்றது. வெரித்தாஸின் சிற்றலை 2018 இல். இனிக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். 2004 சுனாமியில் தொலைபேசிகள் செத்தபோது போர்ட் பிளேயரிலிருந்து பாரதி பிரசாத்தின் அமெச்சூர் நிலையம் செய்திகளைக் கடத்தியது. இங்கே விக்டர் குணதிலக்கவும் நண்பர்களும் ஹம்பாந்தோட்டையைச் சிற்றலையால் கொழும்போடு இணைத்தார்கள். முல்லைத்தீவுக் கரையை அதே கடல் வழித்துக்கொண்டு போனது. அந்தக் கரைக்கு அப்படியொரு குரல் வாய்க்கவில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் எங்களுக்குத் தெற்கே கரையேறியது. வன்னியில் ஊருக்கு ஒரு வயராவது மரத்தில் இருக்க வேண்டும், அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேராவது கீழே இருக்க வேண்டும். பரீட்சைக்குப் படிக்க விரும்பும் பிள்ளைகளுக்கு என் முற்றம் திறந்தே இருக்கிறது.