ஓட்டையோட விழுற வடை

திண்டிவனத்துல எங்க தெரு மளிகைக் கடையில ரப்பர் பேண்டு போட்ட மாவு பாக்கெட் இன்னும் விக்குது. சாயங்காலத்துக்குள்ள புளிச்சு உப்பிடும்.

2005-ல பெங்களூருல அப்படி ஒரு பாக்கெட்டைப் பார்த்துத்தான் பி.சி. முஸ்தபாவும் அவரோட சொந்தக்காரப் பசங்களும் 'ஐடி ஃப்ரெஷ்' மாவு கம்பெனியை ஆரம்பிச்சாங்க. முஸ்தபா வயநாட்டுக் கூலித் தொழிலாளி மகன், ஆறாம் வகுப்புல ஃபெயில் ஆனவர். முதல் சமையல்கூடம் வெறும் 50 சதுர அடி. நம்ம வீட்டு பாத்ரூமே அதைவிடப் பெருசா இருக்கும்!

எனக்குப் பிடிச்சது அவங்க வடை மாவு பாக்கெட்தான். பிதுக்கினா நடுவுல ஓட்டையோட மாவு எண்ணெயில விழும். எங்க அம்மா ஒத்துக்கவே மாட்டாங்க. "கை ஈரம் படாம அது என்னடா வடை?"ன்னு விழுப்புரத்துலேர்ந்து போன்ல கேக்குறாங்க. "ஓட்டை உங்களுதைவிட வட்டமா வருதும்மா"ன்னேன். போனை வச்சுட்டாங்க.