குளிரில் மறையும் குறை

குதிரைகளை, சிறப்பாக மட்டக் குதிரைகளை வாட்டும் கொடிய தோல்நோய் ஒன்றனுக்கு ஆங்கிலேயர் ‘ஸ்வீட் இட்ச்’ எனப் பெயரிட்டிருக்கின்றனர். ‘இனிய அரிப்பு’ என்பது அதன் பொருள். அதில் இனிமை ஏதுமில்லை என்பதை வேல்ஸ் நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் நாம் கண்ணாரக் கண்டோம்.

மகளின் விருப்பத்திற்கிணங்க, ஒரு டிசம்பர் மாதத்தில் வெல்ஷ் இன மட்டக் குதிரை ஒன்றை வாங்கினோம். அடர்ந்த பிடரி, நீண்ட வால், குழந்தையைப் போன்ற குணம். விற்றவர் அதன் சிறப்புகளையெல்லாம் எடுத்துரைத்தார். குறை எதையும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஏப்ரல் பிறந்தது. குதிரை தன் வாலை வேலிக் கம்பத்தில் தேய்க்கத் தொடங்கிற்று. பேன் பற்றியிருக்குமென்று எண்ணிக் குளிப்பாட்டினோம், பயனில்லை. மே மாத இறுதிக்குள் பிடரி மயிர் உதிர்ந்து, தோல் தடித்து வெடித்து, குருதி கசிந்தது. இரவில் அது மரத்தில் உராயும் ஓசையைக் கேட்டு மகள் உறங்காமல் அழுதாள்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கொசுவினும் சிறிய ‘மிட்ஜ்’ என்னும் பூச்சியே காரணம் என்றார். அதன் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். பெண் பூச்சி குருதி உறிஞ்சும்போது அதன் உமிழ்நீர் தோலில் கலக்கிறது. பெரும்பாலான குதிரைகள் அதைத் தாங்கிக்கொள்கின்றன. சிலவற்றின் உடலுக்கோ அது ஒவ்வாமையாகி, தாளாத அரிப்பைத் தருகிறது. இந்நோய் மற்றொரு குதிரைக்குத் தொற்றாது. ஆனால் இதற்கு ஆளாகும் இயல்பு வழிவழியாக வரக்கூடும். அடியோடு போக்கும் மருந்தில்லை. கடிபடாமல் காப்பதே வழி.

அன்று முதல் நம் இல்லத்தின் அன்றாட ஒழுங்கே மாறிற்று. அப்பூச்சிகள் ஈரச் சேற்றிலும் மட்கிய இலைதழைகளிலும் பெருகுபவை; அந்தியிலும் வைகறையிலும் மொய்ப்பவை. ஆகவே ஓடையோரப் புல்வெளியை விட்டு, காற்று வீசும் மேட்டு நிலத்திற்குக் குதிரையை மாற்றினோம். மாலை 4 மணிக்கே லாயத்தில் அடைத்து, காலை 8 மணிக்குப் பிறகே வெளியே விட்டோம். காற்றை எதிர்த்துப் பறக்கும் வலிமை அப்பூச்சிகளுக்கு இல்லையாதலால் லாயத்தில் மின்விசிறி சுழன்றது. கழுத்து முதல் வால் வரை, வயிறும் மறையுமாறு மெல்லிய போர்வை அணிவித்தோம். மறு ஆண்டு, அரிப்புத் தோன்றும் வரை காத்திராமல் மார்ச் மாதத்திலேயே போர்வையைப் போட்டுவிட்டோம். பிடரி மீண்டும் வளர்ந்தது. பொழுது சாயுமுன் பிள்ளைகளை வீட்டிற்குள் அழைத்துக்கொள்வது நம் குடும்பங்களின் வழக்கமல்லவா? அந்தப் பிள்ளைகளுள் ஒன்றாகக் குதிரையும் ஆயிற்று.

நான்காம் ஆண்டில் தாயகம் திரும்பும் வேளை வந்தது. குதிரையை விற்றாக வேண்டும். அதுவும் ஒரு டிசம்பர் மாதம். பூச்சியில்லாக் குளிர்காலத்தில், நன்கு காக்கப்பட்ட குதிரையிடம் அந்நோயின் சுவடே தெரியாது. பார்க்க வந்தவர் பளபளக்கும் பிடரியைத் தடவி நல்ல விலை பேசினார். பயணச் செலவோ நம்மை அழுத்திக்கொண்டிருந்தது. நமக்கு யாரும் சொல்லவில்லையே, நாம் மட்டும் ஏன் சொல்ல வேண்டும் என்று ஒரு கணம் நினைத்ததை மறைப்பதற்கில்லை.

அப்போது மகள் கேட்டாள்: “வாப்பா, போர்வையைப் பத்தி அவங்ககிட்டே சொல்லிட்டீங்களா?”

குறையை மறைத்துச் சரக்கை விற்பது ஆகாதென்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல்லை அன்று பிள்ளையின் வாயிலிருந்து மீண்டும் கேட்டோம். வந்தவரிடம் யாவற்றையும் சொன்னோம். அவர் திரும்பிச் சென்றார். அடுத்து வந்தவரும் அவ்வாறே சென்றார். மூன்றாவதாக வந்த பெண்மணியின் பண்ணை, காற்று ஓயாத கடற்கரை மேட்டில் இருந்தது. அவர் ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டு, பாதி விலைக்கு வாங்கினார். போர்வையையும் மின்விசிறியையும் உடன் கொடுத்தனுப்பினோம்.

விலையில் பாதி போயிற்று. ஆயினும் வரும் ஏப்ரலில் அந்த வாயில்லாச் சீவன் வேலிக் கம்பத்தைத் தேடிப் போகாது என்ற நிம்மதியோடு நாம் ஊர் வந்து சேர்ந்தோம்.