கமிட் பண்ணும்போது சர்வர் காணாமல் போனால்...

புராஜெக்ட் கோடை கமிட் பண்ணும்போது திரை அப்படியே உறைந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பிழைச் செய்தி வராது. கர்சர் மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும். "சப்வெர்ஷன் தொங்கிடுச்சு" என்று திட்டிவிட்டு, ஃபோல்டரையே அழித்து மறுபடி செக்அவுட் செய்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு எழுதிய கோடும் அதோடு போச்சு!

உண்மையில் அந்த மென்பொருள் பதிலுக்காகக் காத்திருக்கிறது. சேந்தமங்கலம் பஸ் ஸ்டாண்டில் கொல்லிமலை பஸ்ஸுக்கு நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பஸ் மெதுவாக இறங்குகிறதா, வழியில் பிரேக்டவுனா? யாராவது வந்து சொன்னால்தான் தெரியும்.

சர்வரில் ஓடும் நிரல் மட்டும் செத்தால் பிரச்சினை இல்லை. அங்குள்ள இயங்குதளம் இணைப்பை மூடி, சேதி அனுப்பிவிடும். ஆனால் சர்வருக்குக் கரண்டே போனால் சேதி சொல்ல ஆளேது? 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்களில் மணிக்கணக்கில் கரண்ட் போனது நினைவிருக்கும்; யூபிஎஸ் எவ்வளவு நேரம்தான் தாங்கும்? நடுவில் கேபிள் அறுந்தாலும் இதே கதிதான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்து, இந்தியாவில் இணையம் நாள்கணக்கில் தடுமாறியது.

டிசிபி இணைப்பில் இரு பக்கமும் பேசாமல் இருந்தால் ஒரு பாக்கெட்கூடப் போக வேண்டியதில்லை. எனவே பதிலுக்காகக் காத்திருக்கும் க்ளையன்ட் எத்தனை நாளானாலும் காத்திருக்கலாம். "உயிரோடு இருக்கியா?" என்று கேட்கும் கீப்அலைவ் வசதி இருக்கிறது. ஆனால் 1989-இல் வந்த விதிப்படி அதை நிரல் கேட்டால்தான் இயக்க வேண்டும். இயல்பான இடைவெளி 2 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. லினக்ஸில் 7200 விநாடி கழித்து முதல் விசாரிப்பு. பிறகு 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை. மொத்தம் 2 மணி 11 நிமிடம்! அதுவரை யார் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்?

ஆகவே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை நாம்தான் சொல்லித்தர வேண்டும். எஸ்எஸ்ஹெச் வழியாகப் போகிறவர்கள் 'சர்வர்அலைவ்இன்டர்வல்' மதிப்பை 30 என்று வைத்தால், ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்குள் விஷயம் தெரிந்துவிடும். ஹெச்டிடிபி வழி என்றால் சப்வெர்ஷனின் 'சர்வர்ஸ்' கோப்பில் 'ஹெச்டிடிபி-டைம்அவுட்' இருக்கிறது.

அடுத்த கேள்விதான் முக்கியம்: கமிட் போய்ச் சேர்ந்ததா? சப்வெர்ஷனில் கமிட் முழுதாகச் சேரும், இல்லையேல் சேரவே சேராது. பழைய சிவிஎஸ் மாதிரி பாதிக் கோப்புகள் மட்டும் ஏறும் வம்பு இல்லை. ஆனால் கமிட் ஏறிய பிறகு, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். அதனால் கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்ததும் ஃபோல்டரை ஒரு பிரதி எடுங்கள். 'எஸ்விஎன் கிளீன்அப்' கொடுத்தால் பூட்டு நீங்கும், நீங்கள் எழுதியது அப்படியே இருக்கும். சர்வர் திரும்பியதும் முதலில் லாகைப் பாருங்கள். உங்கள் கமிட் அங்கே இல்லையென்றால் மட்டும் மறுபடி அனுப்புங்கள்.

கிட் பயன்படுத்துகிறவர்களுக்குக் கவலை குறைவு. கமிட் அவர்கள் கணினியிலேயே பதிந்துவிடுகிறது. தொங்குவது புஷ் மட்டும்தான். கரண்ட் வந்ததும் நிதானமாக அனுப்பிக்கொள்ளலாம் :-)